பன்னிரண்டாவது வரிசை

அன்பும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயமும் கலந்து, மருமகளுக்குத் தாய்மாமன் எழுதுவது.

இங்கே என் முழங்கால் தவிர அனைவரும் நலம். இப்போது நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று உன் மக்காச்சோளத்தின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

"மழையே இல்லாம வறட்சிப் பாத்தி எப்படி மாமா நனைஞ்சுது?" என்று மூன்று கடிதம் போட்டுவிட்டாய். சொல்கிறேன். வியாழக்கிழமை யானை அளவு மேகம் ஒன்று தனியாக வந்தது. வாசலில் நின்று முகவரி விசாரித்தது. பக்கத்துக் கொல்லையில் ஒரு துளி சிந்தாமல் உன் பாத்தியில் மட்டும் கொட்டிவிட்டுப் போய்விட்டது.

நீ மண்ணில் நட்டுவிட்டுப் போனாயே, ஈரம் பார்க்கும் கருவி, அது கருவியா, என் மாமியாரா? ஒரு சொம்பு தண்ணீர் விழுந்தால்கூட உனக்குக் கோள் மூட்டுகிறது!

கதிர் விடும் நேரத்தில் இருபத்தைந்து நாள் தண்ணீர் விடாதீர்கள், வறட்சியை எந்த விதை தாங்குகிறது என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை என்றாய். நாற்பது வருஷம் பயிர் வைத்தவனிடம் சொல்கிற பேச்சா இது? தினமும் இலையைச் சுருட்டிக்கொண்டு அது என்னையே பார்த்தால் நான் என்ன செய்ய?

உன் அத்தை தன் குடம் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். மேகம் மிதித்துவிட்டது என்றேன். "பயிர் வாடினா உங்களுக்கு மனசு கேக்கல, நான் வாடினா மட்டும் நல்லாக் கேக்குதாக்கும்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

சரி, மேகம் வரவில்லை. நான்தான். மூன்று நாளில் எண்ணூறு குடம். (அத்தையின் கணக்கில் எண்பது.) உன் மூன்று வருஷ உழைப்பை நனைத்துத் தொலைத்துவிட்டேன். விதை தாங்கியது என்று நீ எழுதி, அதை நம்பி யாரோ ஒருவர் காய்ந்த மண்ணில் விதைத்தால், அங்கே என் குடம் போகாது. அதனால் நான் நனைத்த பதினொரு வரிசையையும் உன் குறிப்பிலிருந்து அடித்துவிடு. என்னைத் திட்டு. ஆனால் வா.

பன்னிரண்டாவது வரிசை வறண்ட வாய்க்காலுக்கு அந்தப்பக்கம். குடத்தோடு அதைத் தாண்ட முழங்கால் மறுத்துவிட்டது. ஒரு சொட்டு ஊற்றவில்லை. சுருண்ட இலை விரிந்து, இன்று கதிர் வைத்து நிற்கிறது.

ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்றது மேகத்தை அல்ல, இதைத்தான். நீயும் உன் விதையும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பாத்திக்குள் கால் வைக்கத் தடை விதிக்கப்பட்ட உன் மாமா.

பி.கு.: அந்த ஒரு வரிசை மட்டும் நிஜம், தாயே.