கசகசா இல்லாத பொடி

மே 5, செவ்வாய்

கத்திரி வெயில். இன்று அம்மா குழம்புப் பொடிக்கு வறுத்ததில் வீடு முழுக்கத் தும்மல். அப்பா கோழிக் கொட்டகைக்கு ஓடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் ஷார்ஜா. அக்காவுக்கு எட்டாம் மாதம். விமானம் ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வராமல் நாங்கள் அங்கே.

பெட்டியில் இதுவரை: முறுக்கு, சுக்கு, பழைய வேட்டித் துணி, நாட்டுச் சர்க்கரை 2 கிலோ, குழம்புப் பொடி அரைக் கிலோ பாக்கெட் இரண்டு. தீவனம் நிறுக்கும் தராசில் எடை பார்த்தோம். 24 கிலோ.

டிக்கெட்டோடு வந்த தாளை இன்றுதான் முழுதும் படித்தேன். கொண்டுவரக் கூடாதவை. போதைப்பொருளுக்கு அடுத்த வரியிலேயே 'பாப்பி' விதை. அகராதி பார்த்தேன். கசகசா. மீறினால் சிறை.

பொடியில் இரண்டு கைப்பிடி போட்டிருக்கிறாள் அம்மா. கசகசாவை வறுத்துக் கொடுத்ததே நான்தான்.

சொன்னேன். சிரித்தாள்.

"கொழம்புப் பொடிக்கு எவன் அம்மிணி செயில்ல போடறான்? உங்கக்கா மூணு மாசமா கேக்கறா. வாய்க்குப் புடிச்சதே அது ஒண்ணுதான். பெட்டியில வெக்கப் பயமுன்னா சொல்லு, இடுப்புல கட்டிக்கறேன்."

இடுப்பிலா!

மே 6, புதன்

தூக்கமில்லை. அம்மாவைப் பிடித்து வைத்துக்கொண்டால்? அக்கா வீட்டுக்காரர், மாமா, விடிந்ததும் வேலைக்குப் போகிறவர். அக்காவுக்கு வலி வந்தால் பக்கத்தில் யார்? என்னையும் பிடிப்பார்களா? பதினாறு வயதுக்குச் சிறை உண்டா?

அப்பாவிடம் சொல்லலாமா? சொன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுவார். அம்மா இடுப்பில் கட்டிக்கொள்வாள்.

மே 7, வியாழன்

செய்துவிட்டேன்.

அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரம். இரண்டு பாக்கெட்டையும் பிரித்து எருக்குழியில் கொட்டி மண் தள்ளினேன். அதே எடைக்கு வெறும் மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் கலந்து புதுக் கவர்களில் போட்டேன். அம்மா செய்வதுபோலவே மெழுகுவர்த்தியில் வாயை ஒட்டினேன். விரல் சுட்டுக்கொண்டது. நிறம் கொஞ்சம் கூடுதல் சிவப்பு. அம்மா கவனிக்கவில்லை. மாலையில் பெட்டிக்குக் கயிறு கட்டிவிட்டாள்.

அக்காவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அழுவாள். அழட்டும்.

மே 9, சனி

அக்கா வீடு. குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்தது எல்லாம்.

கோயமுத்தூரில் பாஸ்போர்ட் பார்த்தவர் அம்மாவிடம் எதற்குப் போகிறீர்கள் என்று ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெரிய புள்ள மாசமா இருக்குதுங்க. மாப்ள ஏசி மெக்கானிக்குங்க. ஊட்ல கறவை ரெண்டு இருக்குது, அதான் அவுங்கப்பா வரல. புள்ளைக்கு ரத்தம் வேற கம்மின்னு…"

"போதும்மா, போயிட்டு வாங்க," என்று முத்திரை குத்தினார். பின்னால் வரிசையில் சிரிப்பு.

ஷார்ஜாவில் பாஸ்போர்ட் பிரச்சினையில்லை. கேமராவைப் பார்த்து அம்மா வணக்கம் வைத்தாள்.

பிறகு சுங்கம். எங்கள் பெட்டியைத் தனியாக எடுத்தார்கள். கயிற்றை அறுத்தார்கள். சீருடை போட்ட பெண் அதிகாரி பொடியைக் கையில் எடுத்து, இது என்ன என்று சைகை காட்டினார். அம்மா என்னை முந்திக்கொண்டாள்.

"கொழம்புப் பொடிங்க. கசகசா, சோம்பு, கொப்பரை எல்லாம் நானே வறுத்து அரைச்சதுங்க."

அரபியிலும் கசகசாவுக்கு ஏறக்குறைய அதே பெயராம். அந்த அதிகாரியின் முகம் மாறிவிட்டது. பெட்டி தள்ளும் மலையாளி ஒருவரைக் கூப்பிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். அம்மா மறுபடியும், இன்னும் சத்தமாக, "ஆமாங்க, கசகசாதான். நல்ல சரக்குங்க."

நான் குறுக்கே புகுந்தேன். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். இதில் கசகசா இல்லை. வீட்டிலேயே நான் எடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

மலையாளி அம்மாவிடம், "மகள் மாத்தி வெச்சுட்டாளாம், அம்மா. உள்ள வெறும் மொளகாயாம்."

அம்மா என்னைப் பார்த்தாள்.

சோதிக்க எடுத்துப் போனார்கள். இரும்பு நாற்காலிகளில் இரண்டு மணி நேரம். பாஸ்போர்ட் இரண்டும் அவர்கள் கையில். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"நெசமாவே எடுத்துட்டயா?"

"எடுத்துட்டேம்மா."

"ஒரு துளிகூட இல்லையே?"

"இல்லம்மா."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. நான் அவள் இடுப்பைப் பார்த்ததைக் கவனித்து, இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லையென்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பொடியைக் கொடுக்கவில்லை. வெளியே மாமா வியர்த்துப்போய் நின்றிருந்தார். பெட்டி வரத் தாமதம் என்றாள் அம்மா.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. முதல் கேள்வியே, "ம்மா, கொழம்புப் பொடி எங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

"அதை ஏங் கேக்கற சாமி," என்றாள் அம்மா. "எல்லாத்தையும் எடுத்து வெச்சேன், அதைய மட்டும் மறந்து ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

அக்கா அழுதாள். அம்மா அவள் காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.