துண்டுக்குப் பின்னால இருந்த நோட்டீசு

அன்புள்ள ஹாஜராவுக்கு, சேக் தாவூது சலாம் சொல்லி எழுதுதேன். முட்டுவலி எப்படி இருக்கு? போன்ல நீ என்னையப் பேச விடமாட்டே, அதான் லீவுல ஊருக்கு வார இத்ரீஸ் கையில இதக் கொடுத்து விடுதேன்.

இங்கன அரபு நாட்டுல ஒரு கூத்து நடந்துச்சு. போன வாரம் மத்தியான வெயில்ல கட்டட வேல பாக்கையில லேசா தல சுத்துச்சு. பயப்படாத, சுவத்துல தொங்குன துண்டப் பிடிச்சுக்கிட்டேன். அது கையோட வந்துட்டு. பாத்தா, பின்னால சர்க்கார் நோட்டீசு! ஒரு மாசமா அதுமேலதான் துண்டு காயப்போட்டிருக்கோம். கடைசியில தமிழும் இருந்துச்சு. என் நாலாங்கிளாஸ் படிப்ப வச்சு எழுத்துக்கூட்டிச் சத்தமா வாசிச்சேன். உச்சிவெயில்ல, பன்னெண்டுல இருந்து மூணு மணி வரைக்கும் யாரையும் வெளியில வேல வாங்கக் கூடாதாம்!

நம்ம ஊர்ப்பக்கம் கடையத்துக்காரரு, போர்மேன் கைலாசம், ஓடி வந்தாரு. "என்னவே, கத விடுதீரு?"

"நீங்களே வாசிங்க அண்ணாச்சி."

மனுசன் நோட்டீசையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் என் காதுகிட்ட வந்து, "எனக்கு வாசிக்கத் தெரியாதுவே"ன்னாரு.

நாப்பது பேரும் நிழல்ல உக்காந்துட்டோம், அவரும்தான். ஆபீசுக்காரன் வந்து கத்துனான். நோட்டீசைக் காட்டுனேன், வந்த வழியே வண்டியேறிப் போயிட்டான். இப்ப தினமும் மூணு மணி வரைக்கும் நிழல்தான். உன் மாப்ள நான் இங்கன வக்கீலு, தெரிஞ்சுக்கோ!

குற்றாலத்துல சாரல் விழுந்துச்சான்னு எழுது. இத்ரீஸ் திரும்புதப்போ நீ அரைச்ச மல்லிப்பொடி கொடுத்து விடு. நம்ம பேத்தி சாஜிதாவோட பழைய ஒண்ணாங்கிளாஸ் தமிழ்ப் புஸ்தகத்தையும் வை. கைலாசம் அண்ணாச்சி அந்த நோட்டீசத் தானே வாசிக்கணுமாம்.

வேலைக்குப் போற வேன் வந்துட்டு.

உன் சேக் தாவூது