ஐந்திலிருந்து தொடங்கினால்

2 மார்ச் 2008, ஞாயிறு
மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது இவர் சமையலறைக்கே வந்து ரூலெட் பாடம் எடுத்தார். சக்கரம் சுற்றும்போது பந்து சிவப்பில் விழுமா, கறுப்பில் விழுமா என்று பந்தயமாம். கறுப்பில் பத்து பவுண்ட் வைக்க வேண்டுமாம். தோற்றால் இருபது, மறுபடி தோற்றால் நாற்பது. எப்போது கறுப்பு விழுந்தாலும் போனதெல்லாம் திரும்பி வந்து, மேலே பத்து நிற்குமாம். "இது சூதாட்டம் இல்ல சுந்தரி, கணக்கு." அக்கவுண்டன்டைக் கட்டிக்கொண்டால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். "அப்ப கேசினோக்காரனுக்கு மட்டும் கணக்குத் தெரியாதாக்கும்" என்றேன். மீன் கொஞ்சம் கருகிவிட்டது.

8 மார்ச், சனி
கேசினோவுக்கு நானும் கூடப் போனேன். அசிங்கமான கம்பளம், இலவசக் காபி. எழுபது பவுண்ட் ஜெயித்து, அந்தக் காசில் பிரியாணி சாப்பிட்டோம். இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

29 மார்ச், சனி
தொடர்ந்து ஏழு சிவப்பு. பத்தில் தொடங்கி அறுநூற்று நாற்பது வரை ஏறினார். மொத்தம் ஆயிரத்து இருநூற்று எழுபது போயிற்று. அடுத்து ஆயிரத்து இருநூற்று எண்பது வைக்க வேண்டும். ஆனால் அந்த மேசையில் ஆயிரத்துக்கு மேல் வைக்க விடமாட்டார்கள். முதல் நாளிலிருந்தே பலகையில் எழுதித்தான் இருக்கிறது. எங்களுக்குத்தான் உறைக்கவில்லை.
சும்மா நின்று பார்த்தோம். எட்டாவது முறை பந்து கறுப்பில் விழுந்தது.
விம்பிள்டன் ரயிலில் இவர் சொன்னார்: "போதும்லா. வீடு வாங்கற காசு இது. இனிமே இந்தப் பக்கம் வந்தா என்னை ஏன்னு கேளு." வீட்டுக்காக ஆறு வருஷம் சேர்த்தது. இன்னும் இருபத்திரண்டாயிரம் என் கணக்கில் பத்திரமாக இருக்கிறது.

1 ஏப்ரல், செவ்வாய்
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும்போதும் அந்த எட்டாவது கறுப்புதான் நினைவில். இவர் பத்தில் தொடங்கியதுதான் தப்பு. ஐந்திலிருந்து தொடங்கினால் ஆயிரத்துக்குள் இன்னொரு படி கிடைக்கும். அந்தக் கறுப்பு எங்களுடையதாகியிருக்கும்.
நாளைக்கு எனக்கு லீவு.

14 மே, புதன்
ஒரு புதன்கூடத் தவறவில்லை. வாராவாரம் இருபது, முப்பது ஜெயிக்கிறேன். இவரிடம் ஜிம்முக்குப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். "மெலிஞ்சிட்ட போல" என்கிறார். பாவம்.

11 ஜூன், புதன்
எட்டு சிவப்பு. என் எட்டுப் படியும் போச்சு. அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஒன்பதாவதுக்கு ஆயிரம் வைத்தேன் — சிவப்பு. காசாளரிடம் கார்டைக் கொடுத்து இன்னும் எடுத்தேன். ஏன் எழுந்து வரலை? காலு இருந்துச்சே, கதவு அங்கேதானே இருந்துச்சு? யாரும் பிடிச்சு வைக்கலையே — பாவி, என்ன பண்ணிட்டு வந்திருக்கேன்.
பாதிக்கு மேல் போய்விட்டது.

18 ஜூன், புதன்
போனேன்.

25 ஜூன், புதன்
விட்டதைப் பிடிக்க மீதியையும் வைத்தேன். கணக்கில் நானூறு சொச்சம் இருக்கிறது.

19 ஜூலை, சனி
இவர் ஒரு வீட்டின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டு படுக்கையறை, பின்னால் சின்னத் தோட்டம். கோயிலுக்கு நடந்தே போகலாமாம். "டெபாசிட்டைத் தயாரா வச்சுக்கோ" என்றார். "விலை இறங்குதுன்னு பேப்பர்ல போடறான். கொஞ்சம் பொறுங்க" என்றேன். அது உண்மைதான். நல்ல வசதி.

12 அக்டோபர், ஞாயிறு
டிவியில் நாள் முழுக்க வங்கிகள் கவிழ்ந்த கதைதான். இவர் முகம் வெளுத்துப்போய், "நம்ம காசு பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்.
இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அதை ஜூன்லயே எடுத்துட்டேன்." அவ்வளவுதான் வந்தது.
இவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உடனே தன் ஆபீஸ் நண்பர் சேஷாத்ரிக்கு ஃபோன் போட்டார். "என் வீட்டுக்காரி ஜூன்லயே எடுத்துட்டா! நாமெல்லாம் என்ன அக்கவுண்டன்ட்?" சேஷாத்ரிக்கு என்னிடம் யோசனை கேட்க வேண்டுமாம். இவர் ஃபோனை நீட்டினார்.
"நீங்களும் எடுத்துடுங்க" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.