ஒன்பது பேர் ஆடிய இரண்டாம் பாதி

மச்சான்,

போன சனிக்கிழமை என் சப்பாத்து பறந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

பழைய மாணவர்களின் கல்லூரி உதைபந்தாட்டம் இந்த வருடமும் ஸ்காபரோவில் அதே பூங்காவில்தான் நடந்தது. எங்கள் கல்லூரிக்காரர் என்னை 'மூத்த ரசிகர்' என்று கூப்பிட்டு, முதல் பந்தை உதைக்கச் சொன்னார்கள். பேசத் தெரிந்தவனிடம் மைக்கைக் கொடுப்பார்கள். வசதி உள்ளவனிடம் கிண்ணத்தைக் கொடுப்பார்கள். இரண்டும் இல்லாதவனுக்குப் பந்து. நானும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடிவந்து உதைத்தேன். பந்து ஒரு முழம் உருண்டது. சப்பாத்து உயர எழும்பி, ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரிக்கிற கூடாரத்துக்குள் போய் விழுந்தது. போட்டி நடந்த இரண்டு நாளிலும் அப்படியொரு கைதட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. மகள் தள்ளிப்போய், யாரோ வீட்டுப் பிள்ளைபோல ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒற்றைக் காலில் கெந்திக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். றோல்ஸ் பொரித்த அன்ரி சப்பாத்தை இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, உது உங்கடையோ? சட்டிக்குள்ளை விழுந்திருந்தால் பொரிச்சு உங்களுக்கே தந்திருப்பன்."

"ஓம் அன்ரி. ஆட்டிறைச்சி இல்லையெண்டு ஆரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டினம்."

அப்போதுதான் அந்த மணம் வந்தது. கூடாரத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கற்பூரம் கரைத்த நல்லெண்ணெய். உன் வான் முழுக்க மணக்குமே, அதே மணம். நீ ஜாம் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து உன் அணி ஆட்களின் கால்களில் பூசுவாயே, அதே எண்ணெய். நான் உன் பெயரைச் சொல்லப் போய், வாயை மூடிக்கொண்டேன். முகம் தெரியாத மனிதர் நிமிர்ந்து பார்த்து, "என்ன அண்ணை, உங்களுக்கும் கால் நோகுதோ?" என்றார். சப்பாத்தைப் போடாமலே கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.

உனக்கு நினைவிருக்கும், நாம் சந்தித்தது இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பிறம்ரன் கிடங்கில். பெட்டி அடுக்குகிற ஒரே வரிசையில் நின்றோம்; ஒரே கட்டடத்தில், நீ ஆறாம் மாடி, நான் ஒன்பதாம் மாடி. கார் ஓட்டும் பரீட்சையில் நான் மறுபடி மறுபடி தோற்றுக்கொண்டிருந்த காலம். ஆகவே ஒவ்வொரு நாளும் உன் வானில்தான் வேலைக்குப் போனேன். நான் படித்தது பட்டணத்துப் பெரிய கல்லூரி. படித்தேன் என்பதைவிட அங்கே இருந்தேன் என்பதுதான் சரி. கல்லூரி எனக்கு ஒரு கழுத்துப்பட்டி தந்தது. பதிலுக்கு நான் அதன் பரீட்சையில் சித்தியடைந்தோர் விகிதத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தேன். நீ படித்தது கடலோரத்து மகா வித்தியாலயம். வான் நெடுஞ்சாலையில் ஏறும்போதெல்லாம் உன் வாய் சும்மா இருக்காது.

"பெரிய கல்லூரி ஐயா, சின்னப் பள்ளிக்கூடத்துச் சாரதி ஓடுறன். பின்னுக்கு வடிவாச் சாய்ஞ்சு இருங்கோ."

"ஓடு, ஓடு. எங்கட கல்லூரியிலை உன்னை வாசல் காக்கவும் விட்டிருக்க மாட்டாங்கள்."

"உன்னை உள்ளுக்கை விட்டவங்கள்தானே? அதுக்குப் பிறகு அவங்கடை தரத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது."

ஒரு வருடம் வசந்தத்தில் ஒருநாள் நீ பகிடி விடாமல் ஓட்டினாய். எனக்கு அதுவே பயமாக இருந்தது. பிறகு சொன்னாய்: போட்டிக் கொமிற்றி உன் பள்ளிக்கூட அணியையும் கூப்பிட்டிருக்கிறது. சின்னப் பள்ளிக்கூடங்களுக்காகச் சனம் வருவதில்லையாம். இந்த முறை பார்ப்பார்களாம். சனத்துக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் பெரிய கல்லூரிகள் மட்டும்தானாம்.

"வெல்லுறது எங்களாலை ஏலாது, மச்சான். ஆனால் அந்த ரசிகர் கிண்ணம் இருக்கெல்லே? அது கிடைச்சால் எங்களை வெளியிலை விட அவையளுக்கு முகம் வராது."

ரசிகர் கிண்ணம் என்றால் ரசிகர் மனம் கவர்ந்த அணிக்கான கிண்ணம். அதைத் தெரிவு செய்கிற அழகு உனக்குத் தெரியும். ஞாயிறு மாலை, எல்லா ஆட்டமும் முடிந்தபின், அறிவிப்பாளர் ஒவ்வொரு அணியின் பெயரையும் சொல்வார். யாருடைய ஆட்டம் பிடித்ததோ அவர்களுக்காகச் சனம் கத்த வேண்டும். கொமிற்றி காதால் கேட்டு முடிவு சொல்லும். இத்தனை கணக்காளர்களும் பொறியியலாளர்களும் உள்ள கொமிற்றிக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

"அப்பிடியெண்டால் நாலு நல்ல பெடியளை வெளியிலையிருந்து இறக்கன்ரா. உவங்கள் எல்லாரும் இறக்கிறாங்கள்" என்றேன்.

"எங்கட பள்ளிக்கூடத்துக் கிணறு எந்தப் பக்கம் எண்டு அந்தப் பெடியளுக்குத் தெரியுமே?"

"கிணறு ஏன்? கோல் எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சால் காணும்."

"சீ" என்றாய். அவ்வளவுதான் உன் பதில். அந்த ஒற்றைச் 'சீ' அடுத்த நெடுஞ்சாலை வெளிவாசல் வரைக்கும் வானுக்குள் நின்றது.

பதினொரு அசல் பழைய மாணவர்களைப் பொறுக்குவதற்கு நீ அஜக்ஸ் வரை போய்வந்தாய். ஒருவன் ராக்சி ஓட்டுபவன். ஒருவன் பாண் பேக்கரியில் நிற்பவன். ஒருவன் மிசிசாகாவில் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. பாதிப்பேருக்கு என்னைப்போல வயிறு. ஆனால் ஒவ்வொருவனும் எந்த வகுப்பில் எந்த வாங்கில் இருந்தவன், எந்த ஆசிரியரிடம் அடி வாங்கியவன் என்று உனக்குத் தெரியும்.

எங்கள் அணியைப் பற்றிச் சொல்லவே கூசுகிறது. அந்த வருடப் போட்டியின் முதல் நாள், சனிக்கிழமை காலை, எங்கள் நடுக்கள வீரனை, "குகதாஸ், பந்தை விடு!" என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவேயில்லை. ஆறடி உயரப் போர்த்துக்கேயப் பெடியன். தான் அன்று குகதாஸ் என்பதை அவன் மறந்துபோனான். பாவம், அவனில் குற்றமில்லை. நல்லாய் ஆடினான், கேட்டால் பெயரையும் பாடமாக்கியிருப்பான். எங்கள் பழைய மாணவரான அசல் குகதாஸ் எனக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து, தன் பெயருக்குக் கிடைத்த கைதட்டலுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கல்லூரிச் சட்டைக்குள் அன்று எங்கள் கல்லூரி பாதிகூட இருக்கவில்லை. மற்றப் பெரிய கல்லூரிகளும் அதே சீத்துவம்தான். ஒரு கல்லூரிக்காரர் மற்றக் கல்லூரியின் கள்ளப் பெயரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லார் மடியிலும் பூனை.

ஞாயிறு மதியம் உங்களுக்கும் எங்களுக்கும் ஆட்டம் விழுந்தது. முதல் பாதியில் குகதாஸ் இரண்டு கோல் போட்டான். இடைவேளையில் நான் எங்கள் பக்கத்துக் கதிரையிலிருந்து எழுந்து உங்கள் பக்கம் வந்தேன். தோடம்பழம் எடுக்க வந்ததாகச் சொன்னேன். உன் துப்புரவுக்காரன் சப்பாத்தைக் கழற்றி, வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, மூண்டு மணி ஷிஃப்ற். போகாட்டில் வேலை போயிடும்."

"போடா, போ. ஓடு" என்று அவன் முதுகில் தட்டினாய். பேக்கரிக்காரன் புல்லில் கிடந்தான். அவன் தொடை கல்லாய் இறுகிப்போயிருந்தது. உனக்கு மாற்று ஆள் கிடையாது. நீ எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்துவிட்டு, மிச்சம் நின்ற ஒன்பது பேரையும் பார்த்தாய்.

"ஓடாதையுங்கோ. ஓட எங்களிட்டை ஒண்டுமில்லை. கிட்டக் கிட்ட நில்லுங்கோ, பந்தைக் கிட்டக் கிட்டக் குடுங்கோ."

மச்சான், அதற்குப் பிறகு நான் கண்டதை எழுத எனக்குப் படிப்புப் போதாது. ஒன்பது பேரும் ஒரு சமையலறைக்குள் நின்று வேலை செய்வதுபோல் ஆடினார்கள். ஒருவன் எட்ட முதல் மற்றவன் கொடுத்தான். ராக்சிக்காரன் குகதாஸின் காலிலிருந்து பந்தை எடுத்த விதம், தெருவில் இடைவெளி பார்த்துத் தலையை நுழைக்கிற அதே விதம். எங்கள் இறக்குமதிகள் களைத்து ஒருவரையொருவர் தங்கள் தங்கள் பாஷையில் ஏசத் தொடங்கினார்கள். பந்து ஏழெட்டுக் கால் மாறி, யாரும் பெரிதாய் உதைக்காமலே எங்கள் கோலுக்குள் போனது. உங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டம், மனைவிமாரும் பிள்ளைகளும், எழும்பித் துள்ளியது.

பிறகு நடந்ததுதான் சகிக்கவில்லை. எங்கள் ஆள் ஒருவன், யாரும் தொடாமலே, சுடப்பட்டவன்போல் விழுந்தான். பெனால்ரி. மூன்றுக்கு ஒன்று. உன் கோல் காப்பாளன் நடுவரிடம் கேள்வி கேட்கப் போக, எங்கள் கூடாரத்திலிருந்து ஒரு மடக்குக் கதிரை பறந்து போய்க் கோட்டுக்குள் விழுந்தது. எறிந்தவர் எங்கள் கல்லூரியில் தலைமை மாணவராய் இருந்தவர். கோவிலில் பார்த்தால் திருநீற்றோடு நிற்பார். "அடி! அடி!" என்று கத்தினவர்களுக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய பிள்ளைகள் ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டு நின்றன. மற்றவர்கள் மத்தளம் தட்டி ஆடினார்கள். எனக்கு நான் போட்டிருந்த சட்டையே உடம்பில் ஒட்டி அரித்தது.

மாலையில் அறிவிப்பாளர் பெயர்களைச் சொன்னார். எங்கள் கல்லூரிப் பெயர் வந்தபோது பூங்காவே அதிர்ந்தது. உங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் வந்தது. உங்கள் முப்பது நாற்பது பேரும் இருந்த மூச்சையெல்லாம் கொடுத்துக் கத்தினார்கள். எங்கள் கூடாரத்துக்குள், எங்கள் கல்லூரிச் சட்டையோடு, இன்னொருவனும் கத்தினான். குரல் நடுவில் உடைந்து, கழுத்து நெரிபட்ட சேவல்போல் வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பியபோதுதான் அந்தச் சேவல் நான்தான் என்று எனக்கு விளங்கியது.

"உனக்கென்னடா விசரே?" என்றார் அசல் குகதாஸ்.

"அப்பா, ஸ்ரொப் இற்! தற்ஸ் நொற் ஈவன் அவர் ரீம்!" என்றாள் மகள். அது எங்கள் அணிகூட இல்லையாம். மனைவி குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள். அவள் தேடியது நிலம் பிளக்கிற வழியாக இருக்கும்.

கொமிற்றிச் செயலாளர் கையை உயர்த்தி, "போதுமான சத்தம் இல்லை" என்றார். ரசிகர் மனம் கவர்ந்த அணி என்ற கிண்ணத்தைக் குகதாஸ் வாங்கினான். இரண்டு குகதாஸும் படத்துக்கு நின்றார்கள்.

அடுத்த வருடம் உங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் போட்டிப் பலகையில் இல்லை. அதற்கடுத்த வருடம் நீயும் இல்லை. கிடங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த உன்னை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உன் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை நான்தான் ஆறாம் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போட்டி மட்டும் நடக்கிறது. இந்த வருடமும் அதே சத்தத் தேர்தல், அதே கள்ளப் பெயர்கள். கதிரை எறிகிறவர்களுக்கு வயது மட்டும் கூடியிருக்கிறது. ஏன் போகிறாய் என்று மனைவி கேட்கிறாள். சுத்தமாய் வெறுத்துப்போனவன் வீட்டில் கிடக்கலாம்தானே. ஆனால் யாராவது நாலு பேர் பந்தைக் கிட்டக் கிட்டக் கொடுத்து ஆடமாட்டார்களா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கிறேன். அந்தப் பார்வை நீ எனக்கு விட்டுப்போனது.

அந்த ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்ததையும் எழுதிவிடுகிறேன். எல்லாரும் உன் வானில்தான் வந்தோம். கட்டடத்தின் லிஃப்றுக்குள் நாம் இருவரும்தான். மனைவியும் மகளும் எனக்காகக் காத்திராமல் முதலே ஏறிப் போய்விட்டார்கள். நீ கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"ஏன்ரா கத்தினாய்? பாவம் பாத்தோ? எங்களுக்கு உன்ரை பிச்சை தேவையில்லை."

இப்படி ஒரு குரலில் நீ என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. என் வாய்க்கு வழமையான ஒன்றுதான் வந்தது.

"தொண்டை அடைச்சுக்கொண்டு இருந்தது. ஒருக்காத் திறந்து பாத்தன்."

நீ சிரிக்கவில்லை. ஆறாம் மாடி வந்தது. வலைப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினாய்; திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினாய். கதவு மூடியது. ஒன்பதாம் மாடி வரைக்கும் எனக்கு நேரமிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. நான் வெளியே சொல்லாமல் விட்டது இவ்வளவுதான் மச்சான்: அந்த இரண்டாம் பாதி முழுக்க, நான் உன்ரை பள்ளிக்கூடத்திலை படிச்சிருக்கலாம் எண்டுதான் நினைச்சுக்கொண்டு நிண்டனான்.