அண்ணன் நெற்றியில் ஒட்டிய நாமம்

என் பிரியமான வாசு அண்ணே,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். "கோபம் தணிஞ்ச அப்புறம் எழுது செங்கமலம்" என்பாய். ஒரு வாரமாகப் பார்க்கிறேன், தணிகிற வழியைக் காணோம். சொல்லப்போனால் இது கோபம்கூட இல்லை, அருவருப்பு. சோற்றில் கை வைத்தால் குமட்டுகிறது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

உன் பிள்ளை பார்த்தி கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறான். நீ இரண்டு தடவை ஜெயித்து, மூன்றாவது தடவை தோற்றாயே, அதே ஸ்ரீரங்கம் வார்டு. கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். மன்னார்புரத்தில் என் மாடி வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அசோகா அல்வா கிண்டிக் கொடுத்தேன். உன் முதல் வருஷத்தன்று கூட்டம் போட்டுப் படத்திறப்பு வைக்கப்போவதாகச் சொன்னான். நான்தான் படத்தைத் திறக்க வேண்டுமாம். "அப்பா பக்தியாலதான் ஜெயிச்சாருன்னு ரெண்டு வார்த்தை பேசுங்க அத்தை. கூடப்பிறந்த தங்கச்சி சொன்னா எடுபடும்" என்றான். அந்த 'எடுபடும்' அப்போதே என் காதில் உறைத்திருக்க வேண்டும்.

போன புதன்கிழமை பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்தேன். ராஜகோபுரத்துக்கு எதிரே, ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் பார்த்தி கைகூப்பிக்கொண்டு. இன்னொரு பக்கம் நீ. கவுன்சிலராக இருந்தபோது எடுத்த பழைய போட்டோதான், வெறும் நெற்றியோடு சிரிப்பாயே, அது. அந்த நெற்றியில் இப்போது பளிச்சென்று ஒரு நாமம், கம்ப்யூட்டரில் வரைந்து ஒட்டியது. கீழே கொட்டை எழுத்தில், 'பக்திமான் பெற்ற பிள்ளை'.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். தினமும் விடிகாலையில் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, கோயிலில் எல்லாரோடும் இலவச வரிசையில் நின்று பெருமாளைச் சேவித்துவிட்டு வருவாய். ஒரு நாள் தவறாது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று ஈரத்துண்டால் நாமத்தைத் துடைப்பாய். அதற்கப்புறம்தான் முன்னறையைத் திறந்து மனு வாங்க உட்காருவாய். "நெத்தியை அழிக்கிற பிள்ளையை எங்கயாவது பாத்திருக்கியாடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நாலு நாள் உன்னோடு பேசவில்லை. கட்சிக்காரர்களோ நீ கோயிலுக்குப் போவதையே கிண்டல் செய்தார்கள். இரண்டு பக்கமும் உனக்குத் திட்டுதான்.

ஏன் துடைக்கிறாய் என்று நானும் கேட்டேன். நீ சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "சாக்கடை அடைச்சிருக்குன்னு ஒரு அம்மா மனு கொண்டாந்துச்சு. என் நெத்தியைப் பாத்ததும், கழுத்துல கெடந்த சிலுவையை மெல்ல ரவிக்கைக்குள்ள தள்ளிவிட்டுச்சு. தன்னை அறியாமத்தான் செஞ்சுது. எனக்குச் செத்துரலாம் போல ஆயிருச்சு செங்கமலம். சாக்கடை அள்ளச் சொல்றதுக்கு அது எதுக்கு அதோட சாமியை ஒளிக்கணும்?"

நாமமோ விபூதியோ இட்டுக்கொண்டு நியாயமாக நடக்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் உனக்குப் பெருமாளிடம் இருந்தது பயம். முடியாததை முடியும் என்று யாரிடமாவது சொல்லிவிட்டால், "நாளைக்குக் காலையில அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்பாய். பதவியில் இருக்கிறவனுக்குப் பக்தி உதவுவது அந்த ஓர் இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். இவர்களோ பெருமாளையே பூத் ஏஜெண்ட் ஆக்கிவிட்டார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் போய்ச் சேர்வதற்குள் உன் வீட்டு வாசலில் பத்து இருபது பேர். "இது அநியாயம்ங்க", "வாசு சாருக்கு இப்படி ஒரு அவமானமா?" என்று ஒரே கூச்சல். எதற்கு என்று நினைக்கிறாய்? ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்த மண்ணச்சநல்லூர்க்காரருக்குத் தென்கலை, வடகலை வித்தியாசம் தெரியவில்லை. நம் வீட்டு நாமம் தென்கலை, மூக்கின் மேல் பாதம் இறங்கும். அவர் பாதம் இல்லாத வடகலை நாமத்தை ஒட்டிவிட்டார். சண்டை அதற்குத்தான்!

பார்த்தி ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். மத்தியானத்துக்குள் புது ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது, பாதம் வைத்த நாமத்தோடு. ஏணியில் ஏறிக் கட்டினார்கள், கற்பூரம்கூடக் காட்டினார்கள். கூட்டம் திருப்தியாகக் கலைந்து காபி குடிக்கப் போனது.

உன் முன்னறை மூலையில் ஒருத்தர் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். உன் லூர்து சார்தான், பத்து வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து மனுவெல்லாம் எழுதிக் கொடுத்தாரே. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, வாசு துடைச்சிட்டுத்தானே உக்காருவாரு?"

எனக்குச் சுரீரென்றது. நேரே பார்த்தியிடம் போனேன்.

"டேய், உங்கப்பா நாமத்தோட ஒரு மனுவாவது வாங்கியிருக்காராடா?"

"தெரியும் அத்தை. அதனாலதான் மூணாவது தடவை தோத்தாரு. இப்பல்லாம் நெத்தி காலியா இருந்தா ஜனங்க நம்பறதில்ல. எதிர்ல நிக்கிறவரு பால்குடமே தூக்கிட்டாரு, பாத்தீங்களா?"

"நீ கோயிலுக்குப் போய் எத்தனை நாளாச்சு?"

"நாளைக்குப் போறேன். கேமராமேன் நாளைக்குத்தான் ஃப்ரீ."

சிரிக்கவில்லை அண்ணே, நிஜமாகத்தான் சொன்னான். அதோடு விட்டானா? லூர்து சார் பக்கம் திரும்பி, "சார், அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நீங்களும் மேடையில உக்காரணும். சிலுவையைச் சட்டைக்கு வெளிய தெரியற மாதிரி போட்டுக்கிட்டு வாங்க, போட்டோவுல விழணும்" என்றான். அவர் ஆற்றி வைத்த காபியைத் தொடாமல், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். சீ! அந்த மனுஷர் முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இவ்வளவு நேரம் ஊரையே கரித்துக் கொட்டினேன் அல்லவா? இப்போது என்னைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த வாசலில் கத்திய யாரும் பார்த்திக்கு முதலில் போன் செய்யவில்லை. செய்தது நான். பஸ்ஸை விட்டு இறங்கி, ஃப்ளெக்ஸைப் பார்த்து, ஆட்டோ ஸ்டாண்டில் நின்றபடியே பதறிப்போய்ப் பேசினேன்: "டேய் பார்த்தி, நாமம் தப்பா இருக்குடா! பாதத்தைக் காணோம், உடனே மாத்துடா!" உன் தங்கை, நீ துடைத்ததைக் கூடவே இருந்து பார்த்தவள், எனக்கே பாதம்தான் கண்ணில் பட்டது. லூர்து சார் கேட்டிராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறியிருப்பேன், உன் பக்தியைப் பற்றி உருகி உருகிப் பேசியிருப்பேன். குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? எப்போது அண்ணே நாம் இப்படி ஆனோம்?

பார்த்தி கெட்டவன் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். என் கண் ஆபரேஷனுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவன் அவன்தான். மாசா மாசம் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து, "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதும் அவன்தான். என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளையா குட்டியா? என்னை அத்தை என்று கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வருவேன். மைக்கை என் கையில் கொடுப்பார்கள். நீ ஏன் துடைத்தாய் என்று அவ்வளவு பேர் முன்னாலும் சொல்வேன். ஃப்ளெக்ஸில் முதல் குற்றம் கண்டுபிடித்தவள் நான்தான் என்பதையும், கண்டுபிடித்தது தப்பான குற்றம் என்பதையும் சொல்வேன். என் அண்ணன் முகத்தை வைத்து யாரும் ஓட்டுக் கேட்க வேண்டாம், அவன் பெற்ற பிள்ளையும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவேன். மைக்கைப் பிடுங்கினால் கத்திச் சொல்வேன், தொண்டை எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இது உனக்கு நான் தருகிற வாக்கு.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்த்தியின் அத்தை,
என்றைக்கும் உன் தங்கை,
செங்கமலம்