பேச்சியம்மாளின் கட்டுத்துணி

நவம்பர் 4, செவ்வாய். தூறல்.

எழுந்ததும் முதல் வேலையாகக் கதவைத் தாழிட்டு என் மார்பை நானே அழுத்திப் பார்த்தேன். கட்டி எதுவும் இல்லை. திரும்பவும் பார்த்தேன்.

நேற்று, ராஜபாளையத்தில் வீடு வீடாகப் பிரஷர் பார்க்கும்போது, பேச்சியம்மாள் அறை. ஐம்பது வயது. புருஷனைக் கொன்ற வழக்கில் பதினோரு வருடம் ஜெயில்; சித்திரையில்தான் வெளியே வந்தாள். பேண்டேஜ் துணி மில்லில் வேலை. அவள் கையில் பிரஷர் பட்டை சுற்றும்போதே நாற்றம். ரவிக்கைக்குள் மில் கழிவுத்துணி, சுருள் சுருளாக. இடது மார்பு உடைந்து சீழ்.

"ஊருக்கே கட்டுத்துணி சுத்துதேன், எனக்கு ஒரு முழம் கிடைக்காதா சிஸ்டர்?" சிரிப்பு வேறு.

"ஏன்க்கா முன்னமே சொல்லல?"

"உள்ள இருக்கையில வலிக்குன்னா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக போலீஸ் இல்லம்பாக. நடிக்காதன்னு வைவாக. பொறவு யாரு கேட்டாலும் நல்லாருக்கேன்னுதான் வாயில வருது."

ஜூனிலும் ஆகஸ்டிலும் கேட்டவள் நான்தான். வாசலில் நின்றபடியே. கொலைகாரி என்று உள்ளே போகப் பயம். இரண்டு முறையும் எழுதியது: குறை எதுவும் இல்லை.

5, புதன்.

அரை நாள் லீவு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். டாக்டர் முன் கைகட்டி நின்றாள். டாக்டரம்மா தோளைத் தொட்டு உட்காரவைத்தார். மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். ஆபரேஷன். தள்ளிப்போடக் கூடாது. கையெழுத்துப் போடச் சொந்தத்தில் ஓர் ஆள் வேண்டுமாம்.

மகன் ஆலங்குளத்தில், சிமெண்ட் லாரி டிரைவர். வெளியே வந்து போன் செய்தேன்.

"எங்கப்பனக் கொன்னவளுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? நீ யாரு? ஒன் வீடு எங்க இருக்கு?"

வைத்துவிட்டேன். என் நம்பர் இப்போது அவனிடம்.

பேச்சி டீக்கடையைக் காட்டினாள். "வாங்க சிஸ்டர், டீ குடிப்போம்."

வாங்க வேண்டியவை: சலைன், கையுறை, சின்ன மகளுக்கு ஸ்கெட்ச் பேனா.

6, வியாழன். நல்ல மழை.

முதல் தடவையாக அவள் அறைக்குள் பாயில் உட்கார்ந்தேன். கட்டு மாற்றினேன். நினைத்ததைவிட ஆழமான புண்.

"வலிக்காக்கா?"

"நல்லாரு..." நிறுத்தினாள். "வலிக்கு சிஸ்டர். ரொம்ப வலிக்கு."

வீட்டுக்கு வந்தால் இவர்: "ஏட்டி, அவ சகவாசம் நமக்கெதுக்கு? அவ மவன் வந்து வாசல்ல நின்னா என்ன செய்வ?"

பயம் எனக்கும்தான். வாசலில் பைக் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறேன். சாயங்காலம் மூன்று தடவை.

சனிக்கிழமை மதுரையில் அட்மிஷன். பொய் என்று தெரிந்தால் வேலை போகும். இவரிடமும் சொல்லவில்லை, பேச்சியிடமும் சொல்லவில்லை. சம்மதப் படிவத்தில் உறவு என்று கேட்கும் இடத்தில் ‘தங்கை’ என்று எழுதப்போகிறேன்.