கிளுவை வேலியும் வடக்கு மூலைச் சந்தும்

மச்சான்,

இன்று காலையில் கிளுவை வேலியை வெட்டி ஒழுங்கு பண்ணினேன். வெட்டுப்பட்ட கொம்பிலிருந்து கிளம்பிய அந்தப் பச்சை வாடை, சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் ரசத்துக்கு முன்னால் கிளுவை மணக்கிறது. அந்த வாடையோடு உங்கள் மேல் எனக்கிருந்த கோபமும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்று உங்கள் தங்கை சொல்கிறாள். அவளுக்கென்ன, கத்தரிச் செடி என்னுடையதல்லவா?

முதலிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாமல் நான் பேசுவது இதுதான் முதல் தடவை.

எண்பதுகளின் தொடக்கம். வடமதுரைப் பக்கம் உங்கள் தோட்டத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல், மாமனார் உங்கள் தங்கைக்குக் கொடுத்த துண்டு நிலம். அதில் ஓட்டு வீடு ஒன்று கட்டி, மிச்ச இடத்தில் கத்தரி, வெண்டை, கொஞ்சம் கனகாம்பரம் போட்டிருந்தோம். நான் தினமும் பஸ் ஏறி நாகல் நகர்ப் பட்டறைக்குப் போய்ப் பூட்டு செய்துவிட்டு வருவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. ஊர் ஊராக என் கைப் பூட்டு தொங்கியது. என் தோட்டத்துக்குள் மட்டும் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

நுழைந்தார்கள். மேற்கே ஊர், கிழக்கே பஸ் நிற்கும் இடம், நடுவில் நாங்கள். ரோட்டைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஊரே எங்கள் பாத்தி மேல் நடந்தது. போகிறபோது ரெண்டு கத்தரி, வருகிறபோது தலைக்கு ஒரு கொத்துக் கனகாம்பரம். கேட்டால், ‘நடக்கிற வழிதானே’ என்றார்கள். என் பாத்திக்கு ‘வழி’ என்று இவர்களாகவே பெயர் வைத்துவிட்டார்கள்! நானும் விடவில்லை. ‘இது பொது வழி அல்ல’ என்று பெயிண்டில் எழுதிப் பலகை நட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் அந்தப் பலகைக் காலில் யாரோ மாட்டைக் கட்டியிருந்தார்கள்.

“இப்படியே நடந்து நடந்து வழியாக்கிட்டா, நாளைக்கு இது பாதைன்னு கல்லு நட்டுருவாங்க” என்றாள் உங்கள் தங்கை. “எங்கப்பா குடுத்த இடம் ரெண்டு துண்டாப் போகப் போகுது. நீங்க நல்லாப் பலகை எழுதுங்க.”

அது சுருக்கென்று தைத்தது. கருவேல முள்ளை வெட்டி வந்து குறுக்கே போட்டேன். ரெண்டே நாளில் முள்ளைக் காணோம், அடுப்புக்குப் போய்விட்டது. அதில் ஒரு அம்மா என்னிடமே வந்து, “அண்ணே, இன்னுஞ் செத்த காஞ்ச முள்ளாப் போடுங்கண்ணே, பச்சையா இருந்தா புகையுது” என்றாள். அன்றைக்குத்தான் கொதிக்கக் கொதிக்க உங்கள் கிணற்று மேட்டுக்கு வந்தேன். வேலியாக உயிர் முள்ளே நடுவது என்று முடிவு. எந்த முள் என்பதில்தான் சண்டை.

“கொடுக்காப்புளி வைப்போமா மச்சான்?”

“ஏன் மாப்ளே, வேலி போடுறியா, விருந்து வைக்கிறியா? காய் பழுத்தா பள்ளிக்கூடமே உன் தோட்டத்துலதான் நடக்கும்.”

“அப்ப இலந்தை?”

“அது பாயாசம்.”

“கள்ளி?”

“பாலு கண்ணுல பட்டுச்சுன்னா, களவாங்க வந்தவன் உன் வாசல்லயே உக்காந்துருவான். அவனை டவுன் ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட்டிட்டு அலையணும்.”

“சரி, சீமைக்கருவேலத்தையே நட்டுத் தொலைக்கிறேன்.”

“நடு. ஒருத்தனும் உள்ள வர மாட்டான். ரெண்டு மழை கழிச்சு நீயும் உள்ள போக முடியாது.”

அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னீர்கள். “கிளுவை வை மாப்ளே. ஆத்திரமில்லாத முள்ளு. ஆளைக் கிழிக்காது, நின்னு யோசிக்க வைக்கும்.”

ஆத்திரமில்லாத முள்ளாம்! இன்றைக்கு என் கையை வந்து பாருங்கள், எத்தனை இடத்தில் யோசிக்க வைத்திருக்கிறது என்று.

ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் பழைய வேலியிலிருந்தே போத்து வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டீர்கள். போத்து என்றால் வெறும் கொம்புதான். இலை இல்லை, வேர் இல்லை. மூன்று பக்கமும் நான் நட்டேன். “வடக்கு என் பக்கம், நான் பாத்துக்கறேன்” என்று அதை மட்டும் நீங்களே நட்டீர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காய்ந்த குச்சிகள் வரிசையாக நின்றதைப் பார்த்து, “என்ன பூட்டுக்காரரே, இம்புட்டுப் பந்தக்கால் நட்டுருக்கீரு, யாருக்குக் கல்யாணம்?” என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். கேட்டுவிட்டு அந்தக் குச்சிகளுக்கு நடுவிலேயே நடந்து போனான். மழை பெய்து கணுக் கணுவாகத் துளிர் வந்து, அடுத்த வருஷம் முள்ளும் முள்ளும் கை கோத்துக்கொண்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

சிரிப்பு நின்றதும் சண்டைக்கு வந்தார்கள். “நடக்குற வழியை அடைச்சா எப்படி?” என்று நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். நீங்கள்தான் கிணற்றடியிலிருந்து மண்வெட்டியோடு வந்து, “பஸ்ஸுக்குப் போறவன் ரோட்டுல போங்கப்பா. இது என் தங்கச்சி அடுப்படி. உங்க வீட்டு அடுப்படி வழியா நான் பஸ்ஸுக்குப் போகவா?” என்றீர்கள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. பாதை புல் முளைத்து மறைந்தது. நிலம் ஒரே துண்டாக நின்றது. நானும் ஏதோ கோட்டை கட்டின ராஜா மாதிரி ஒரு வாரம் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

சுற்றி வந்ததில்தான் வடக்கு மூலை கண்ணில் பட்டது. ஒரு ஆள் உடம்பைத் திருப்பி நுழைகிற அளவுக்குச் சந்து. அந்தச் சந்து வழியாக நுழைந்த உங்கள் வெள்ளாடு, என் கண்ணெதிரே, என் கத்தரிப் பாத்தியில் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கத்தரி முடிந்ததும் வேலியின் கிளுவைத் தழையை எட்டிக் கடித்தது. வேலி எனக்கு, தழை உங்கள் ஆட்டுக்கு! அதனால்தான் அத்தனை முள்ளையும் தள்ளிவிட்டுக் கிளுவையைப் புகழ்ந்தீர்களோ என்று எனக்கு ரத்தம் கொதித்தது. முள் படல் கட்டி அந்தச் சந்தை அடைத்தேன். மறுநாள் படல் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. திரும்பக் கட்டினேன். திரும்பச் சாய்ந்தது. வரப்பில் நின்று கத்தினேன்.

“மச்சான், வேலின்னா நாலு பக்கமும் அடைக்கணும்! களவாணிக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?”

நீங்கள் கோபப்படவில்லை. “ஏலே மாப்ளே, நாலு பக்கமும் அடைச்சா அது தோட்டமா, ஜெயிலா? பொறந்த வீட்டுக்கு என் தங்கச்சி ரோட்டைச் சுத்தியா வருவா?” என்றீர்கள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் முறத்தோடு பின்னால் நின்றிருந்தாள். படலைச் சாய்த்துப் போட்டது நீங்கள் இல்லை, அவள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தினமும், நான் பஸ் ஏறிய பிறகு. களவாணிகளை அடைப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்காரியை அடைத்திருக்கிறேன். பூட்டுக்காரன் புத்தி!

இருக்கட்டும், மச்சான். தங்கைக்கு வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆட்டுக்கு எதற்கு வழி? அதற்கு நீங்கள் கடைசி வரைக்கும் பதில் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பக்கம் உங்கள் தோட்டம் இல்லை. நீங்கள் போன பிறகு உங்கள் பிள்ளை விற்றுவிட்டான். கிணற்றை மூடிவிட்டார்கள். மனை பிரித்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லாக நட்டு வைத்திருக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. உங்கள் சந்து வழியாக எவன் எவனோ நுழைந்து பாட்டிலைப் போட்டுவிட்டுப் போகிறான். என் மகன் கொத்தனாரைக் கூட்டி வந்து, “இந்த முள்ளையெல்லாம் தள்ளிட்டுச் சுத்திச் சுவர் வச்சிரலாம்ப்பா” என்றான். அவன் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

“மூணு பக்கம் கட்டு. வடக்கே கை வைக்காதே” என்று கத்திவிட்டு, கொம்பு வெட்டப் போனேன். வடக்கு வேலியில் செத்த இடங்களில் புதுப் போத்து நட்டுக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை அந்தச் சந்தையும் சேர்த்து அடைத்துவிடுவது என்றுதான் இருந்தேன். மூலைக்கு வந்து, கடைசிப் போத்தை நட்டு, மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தால், சந்து அப்படியே இருக்கிறது. அதே அகலம்.

உங்கள் தங்கை வந்து பார்த்தாள். உடம்பைத் திருப்பி நுழைந்து அந்தப் பக்கம் போனாள். மஞ்சள் கல் நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அங்க யாரு இருக்கான்னு போனே?” என்று சிடுசிடுத்தேன்.

“சும்மாதான்” என்றாள்.

இனி சாயங்காலம் படலைச் சாத்த வேண்டும், காலையில் அவள் எழுவதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு இந்த வேலை உங்களால்தான், மச்சான்.